புத்தகத்தை மூடிய பிறகு

ஜாலான் புசார் வட்டாரத்தில் பீட்டி ரோடு மிகச் சிறிய சாலை. முதல் எண் கட்டடத்தில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இயங்குகிறது. அடுத்த எண்ணில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா முதலில் கையில் எடுத்தது பிள்ளைகளின் படிப்பைத்தான். குறைந்த கட்டணத்தில் அது நடத்தும் துணைப்பாட வகுப்புகள் இன்றும் தொடர்கின்றன. அங்கிருந்து நொவீனா பக்கம் நடந்தே போய்விடலாம். அங்கே டான் டோக் செங் மருத்துவமனைக்கு அருகில், மாண்டலே ரோட்டில், லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த வட்டாரத்து வீவக வீடுகளில் "டாக்டராகணும்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கும், அதை அவர்களைவிட உரக்கச் சொல்லும் பெற்றோருக்கும் குறைவில்லை.

ஆனால் இடங்கள் குறைவு. 1905ஆம் ஆண்டு ஜூலையில் 23 மாணவர்களோடு செப்பாய் லைன்ஸ் பகுதியில் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் கல்லூரி 2013இல் முதல் அணியைச் சேர்த்தது. மூன்றாவதான டியூக்-என்யுஎஸ், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே. மூன்றிலும் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் வாய்ப்பு. தொடக்கக் கல்லூரியில் எச்2 வேதியியலோடு உயிரியலோ இயற்பியலோ எடுத்து, ஏ-லெவலில் ஏறத்தாழ எல்லாப் பாடங்களிலும் உச்ச மதிப்பெண் வாங்கியவர்களே பெரும்பாலும் விண்ணப்பிக்கிறார்கள். இந்தப் போட்டியில் பிள்ளைகள் கையாளும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு டியூஷன், இன்னும் ஒரு நிறத்தில் ஹைலைட்டர்.

அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனால்தான் அது வீணாகும்போது மனம் பொறுக்கவில்லை. 2013இல் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய சகாக்களும் மாணவர்கள் பரவலாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்திருந்த ஆய்வுகளை வைத்து ஒவ்வொன்றையும் எடைபோட்டார்கள். வரிகளுக்கு நிறம் பூசுவது, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது ஆகிய இரண்டும் 'பயன் குறைவு' என்ற வரிசையில் விழுந்தன. 'பயன் மிகுதி' என்று அவர்கள் மதிப்பிட்டவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாள்கணக்கில் இடைவெளிவிட்டுப் பரப்பிக்கொள்வது. பெரும்பாலான பிள்ளைகள் எதில் நேரத்தைக் கொட்டுகிறார்களோ அதில் பலன் மிகக் குறைவு.

ஏன் இப்படி? ஒரு பக்கத்தை மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. கண் தடங்கலின்றி ஓடுகிறது. அந்தச் சரளத்தை மூளை 'இது எனக்குத் தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்த்ததும் அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் வரவழைப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. நோயாளி முன்னால் நிற்கும் மருத்துவரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அதுவே.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை 2006இல் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு அறிவியல் பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பத்தியை மாணவர்கள் மறுபடியும் படித்தார்கள். இன்னொன்றுக்கு மறுபடிப்பு இல்லை. தாளை எடுத்து நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததில் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. மறுபடிப்பே வென்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழாகிவிட்டது: மறுபடிப்புக்கு 42, எழுதிப் பார்த்ததற்கு 56.

அந்த ஐந்து நிமிட வெற்றிதான் எல்லாத் தொல்லைக்கும் வேர். இரவு பதினொரு மணிக்குப் படித்துமுடித்துப் புத்தகத்தை மூடும் பிள்ளை தன்னை அளந்துகொள்வது ஐந்து நிமிட அளவுகோலில். 'நல்லா ஏறிடுச்சு' என்ற நிறைவோடு படுக்கப் போகிறது. ஏ-லெவல் அளப்பதோ மாதக் கணக்கில்.

ஒன்றை நினைவிலிருந்து வரவழைக்கும்போது மூளைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, மருத்துவ மாணவர்கள் எல்லாரும் ஒருநாள் சந்திக்கப்போகும் ஒரு நோயாளியின் கதை உதவும். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல் அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினார். வலிப்பு தணிந்தது. ஆனால் அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே இருந்தார். சிறுவயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதியது முதலில் ஹிப்போகாம்பஸின் துணையோடு பதிகிறது, பழையது காலப்போக்கில் மூளையின் புறணியில் வேரூன்றுகிறது என்ற புரிதல் அவரிடமிருந்து வளர்ந்ததுதான். இந்த வேரூன்றலுக்கு நாள்கள் வேண்டும். ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் அதே நரம்புத் தொடர்புகள் மறுபடி இயங்கி உறுதிப்படுகின்றன. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கும்போது அந்த வேலை மூளைக்கு வருவதே இல்லை. விடைதான் கண்ணெதிரே இருக்கிறதே.

ஆகவே எச்2 உயிரியலில் செல் சுவாசம் படிக்கும் மாணவர் செய்யவேண்டியது இது. பாடத்தை ஒருமுறை கவனமாகப் படித்து, புரியாததைக் கேட்டுத் தெளிந்த பிறகு, புத்தகத்தை மூடி ஒரு வெற்றுத் தாளை எடுக்க வேண்டும். குளுக்கோஸ் எங்கே உடைகிறது, பைருவேட் எதற்குள் நுழைகிறது, கிரெப்ஸ் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவின் எந்த இடத்தில் நடக்கிறது, ஆக்ஸிஜன் எந்தக் கட்டத்தில் வந்து சேருகிறது, அது வராவிட்டால் கிரெப்ஸ் சுழற்சியும் ஏன் நின்றுபோகிறது என்று வரைந்தும் எழுதியும் பார்க்க வேண்டும். முதல் தடவை தாளில் பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடங்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இன்று எதைப் படிக்க வேண்டும் என்பதை அவையே காட்டிவிடுகின்றன. பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் இல்லாமல் விட்டுவிட்டால் தவறும் சேர்ந்து பதிந்துவிடும். உறுதியாகத் தெரியும் என்று நம்பி எழுதிய விடை தவறாகிப்போனால், அந்தத் திருத்தம் மற்றவற்றைவிட ஆழமாக மனத்தில் நிற்கிறது என்பதை 2001இல் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தவறு செய்த இடத்தில் பிள்ளையைத் திட்டுகிறவர்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது முறை இடைவெளி. 1885இல் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, பல்வேறு கால இடைவெளியில் அவற்றை மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து மிச்சமானது மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பிறகு அதன் வேகம் குறைகிறது. மறக்கத் தொடங்கும் வேளையில் மறுபடி வரவழைத்தால் அடுத்த சரிவு மெதுவாக நிகழ்கிறது. 2008இல் நிக்கோலஸ் செப்பீடா குழுவினர் 1,300க்கும் அதிகமானவர்களை வைத்து எவ்வளவு இடைவெளி நல்லது என்று பார்த்தார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி போதும். தேர்வு ஏறத்தாழ ஓராண்டு தள்ளி இருந்தால் மூன்று வார இடைவெளி நல்ல பலன் தந்தது. இரண்டாண்டு தொடக்கக் கல்லூரிப் படிப்பில் முதலாண்டு மார்ச்சில் படித்த பாடத்தை அடுத்த ஆண்டு ஜூன் விடுமுறை வரை தொடாமல் வைத்திருப்பவர் அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டியிருக்கும்.

இந்த இடைவெளிகளைக் கணக்குவைக்க ஆங்கி போன்ற செயலிகள் இருக்கின்றன. சரியாகச் சொன்ன அட்டை தள்ளிப்போய் வரும், தடுமாறியது மறுநாளே வரும். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அடுத்தவர் தயாரித்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போவது படிப்பாகாது. புரியாத ஒன்றை அட்டையில் போட்டால் புரியாமலேயே மனப்பாடமாகும். என் கருத்தில், ஒரு நாட்காட்டியும் ஒரு கட்டு வெற்றுத் தாளும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும்.

நம்மவர்களுக்கு இது புதியதும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் பிள்ளை அதை நினைவாகச் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் இளமைப் படிப்பை விவரிக்கும்போது இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். ஓர் இரவு இடைவெளி, நடுவில் தூக்கம், ஏட்டைப் பாராமல் வரவழைத்தல் என்று மூன்றும் அந்தச் சிறு பயிற்சிக்குள் அடங்கியிருந்தன. பொருள் புரியாத மனப்பாடத்தை நாம் குறைசொன்னது சரி. அதோடு சேர்த்து நினைவுகூரும் பயிற்சியையும் கைவிட்டதுதான் தவறு.

மூன்றாவதாக ஒன்று, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடைகளில் டென் இயர் சீரிஸ் வாங்கியவர்களுக்கு உடனே புரியும். பழைய தேர்வுக் கேள்விகளைத் தலைப்புவாரியாகப் பிரித்த பதிப்பும் உண்டு, ஆண்டுவாரியாகத் தாள் முழுவதும் கொடுக்கும் பதிப்பும் உண்டு. பிள்ளைகள் தலைப்புவாரிப் பதிப்பை விரும்புகிறார்கள். 'நியூக்ளியோஃபிலிக் பதிலீடு' என்ற தலைப்பின்கீழ் இருபது கேள்வி போட்டால் பத்தாவது கேள்விக்குப் பிறகு கை தானாக ஓடும். ஆனால் தேர்வுத்தாளில் எந்தக் கேள்விக்கு மேலும் தலைப்பு எழுதியிருக்காது. இது எந்த வகை வினை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை, அந்தப் பாதிக்குப் பயிற்சியே கிடைக்கவில்லை.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட கணித ஆய்வு இதை எண்களில் காட்டுகிறது. திண்ம வடிவங்களின் கன அளவைக் கணக்கிடக் கற்ற மாணவர்களில் ஒரு பிரிவினர் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துப் போட்டார்கள், மற்றவர்கள் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20க்கு இறங்கினார்கள். கலந்து போட்டவர்கள் 63இல் நின்றார்கள். புதிய தலைப்பைக் கற்கும் முதல் வாரத்தில் தலைப்புவாரிப் பயிற்சி தேவைதான். அதற்குப் பிறகும் அதிலேயே தங்கிவிடக் கூடாது.

இனி தூக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூர் இந்த விஷயத்தில் உலகுக்கே பாடம் சொல்லும் அளவுக்கு ஆய்வு செய்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அது இன்னும் எட்டவில்லை. 1905இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய செப்பாய் லைன்ஸ் அமைந்த அதே ஊட்ரம் பகுதியில் இருக்கும் டியூக்-என்யுஎஸ் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் சீ, ஜோஷுவா கூலி, ஜூன் லோ முதலியோர் 15 முதல் 19 வயது வரையிலான 56 பேரைத் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு இரவில் படுக்கையில் ஒன்பது மணி நேரம். மற்றப் பிரிவினருக்கு ஏழு இரவுகள் தொடர்ந்து ஐந்தே மணி நேரம். தேர்வுக் காலத்தில் பல பிள்ளைகள் தூங்கும் நேரம் அதுதான். ஐந்து மணி நேரப் பிரிவில் கவனம், தற்காலிக நினைவாற்றல், மனநிலை எல்லாம் நாளுக்கு நாள் சரிந்தன. பின்னர் இரண்டு இரவு நன்றாகத் தூங்கவிட்ட பிறகும் கவனம் முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. வார நாட்களில் விழித்துச் சனி, ஞாயிறில் ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு இங்கேயே உடைகிறது.

அதே பிள்ளைகளை வைத்து நடந்த இன்னொரு சோதனை 2016இல் வெளிவந்தது. கடினமான ஆங்கிலச் சொற்களில் சிலவற்றை ஒரே மூச்சில் படித்தார்கள், சிலவற்றைப் பல நாட்களில் பரப்பிப் படித்தார்கள். தூக்கம் குறைந்தவர்கள் ஒரே மூச்சில் படித்த சொற்களைத்தான் அதிகம் இழந்தார்கள். பரப்பிப் படித்தவை தூக்கக் குறைவைத் தாங்கி நின்றன. தேர்வுக்கு முந்தைய நாட்களில் கண்விழித்து மொத்தமாகப் படிப்பவர், படிப்பின் மிகப் பலவீனமான வடிவத்தை மூளை மிகப் பலவீனமாக இருக்கும் நேரத்தில் செய்கிறார்.

2019இல் சீயின் குழு வெளியிட்ட மற்றொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 84 பல்கலைக்கழக மாணவர்கள் எறும்பு, நண்டு இனங்களைப் பற்றிய நுணுக்கமான தகவல்களைக் கற்றார்கள். நடுவில் ஒரு மணி நேரம். சிலர் அந்த நேரத்தில் தூங்கினார்கள், சிலர் அதே பாடத்தை மேலும் படித்தார்கள், சிலர் சும்மா ஓய்வெடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தபோது தூங்கியவர்களும் படித்தவர்களும் ஓய்வெடுத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்த மேன்மை தூங்கியவர்களிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான மின் அலைகளின்போது பகலில் இயங்கிய நரம்புத் தொடர்கள் ஹிப்போகாம்பஸில் மறுபடி ஓடுகின்றன என்பது எலிகளில் 1994 முதலே அறியப்பட்டது. படித்தது புறணிக்குப் போய்ச் சேரும் வேலை அப்போது நடக்கிறது. தூங்கும் பிள்ளையை எழுப்பிப் படிக்க உட்காரவைக்கும் பெற்றோர், நடந்துகொண்டிருக்கும் படிப்பைத்தான் கலைக்கிறார்கள்.

நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016 ஜூலையில் வகுப்பு தொடங்கும் நேரத்தை 45 நிமிடம் தள்ளி 8.15 ஆக்கியது. பிள்ளைகள் அதற்கேற்பத் தாமதமாகப் படுத்து லாபத்தை இழந்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே அவர்கள் படுக்கையில் இருந்தார்கள், பகல் சோர்வும் குறைந்திருந்தது. எல்லாப் பள்ளிகளும் இப்படி மாற வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை வீட்டில் மாற்றக்கூடியது விளக்கு அணையும் நேரம் ஒன்றுதான்.

மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு எப்படிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். லீ கொங் சியானிலும் டியூக்-என்யுஎஸிலும் குழுவழிக் கற்றல் முறை நடைமுறையில் உள்ளது. பாடத்தை மாணவர் முன்கூட்டியே தாமே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பு தொடங்குவதே தேர்வில்தான்: முதலில் தனியாக எழுத வேண்டும், பிறகு அதே கேள்விகளுக்குக் குழுவாகப் பேசி விடை சொல்ல வேண்டும். ஏன் இந்த விடை, ஏன் அது இல்லை என்று ஒருவருக்கொருவர் வாதாடிய பிறகே நோயாளியின் கதையை முன்வைத்து மேலே போகிறார்கள். பதினேழு வயதில் வெற்றுத் தாளில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வகுப்பு அச்சம் தராது. விரிவுரையைக் கேட்டு நிறம் பூசிப் பழகியவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவார்கள்.

ஜாலான் புசார் வீடுகளுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பிள்ளை பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறது. அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழ்தான் வசதி. "அம்மா, தடுப்பூசி போட்டா உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேளுங்க" என்று பிள்ளை தமிழில் விளக்க முயலட்டும். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் அங்கே கைகொடுக்காது. பொருள் தெரிந்தால்தான் வாய் திறக்கும். அம்மா "அது ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரியாத இடம் வெளியே வந்துவிடும். காரணம் கேட்டும் விளக்கியும் கற்பதை டன்லோஸ்கியின் பட்டியல் நடுத்தரப் பயனுள்ள முறை என்கிறது. பின்னாளில் டான் டோக் செங்கில் ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ்ப் பாட்டிக்கு நீரிழிவைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய நாளும் வரும். தமிழில் சொல்லிப் பழகியவருக்கு அன்று வார்த்தைக்குத் திண்டாட்டம் இருக்காது.

இவ்வளவும் செய்தால் இடம் உறுதியா என்றால், இல்லை. நேர்காணல் உண்டு, நடத்தையை எடைபோடும் சோதனைகள் உண்டு, லீ கொங் சியான் கேட்கும் யுகேட் தேர்வும் உண்டு. தகுதியுள்ள பலருக்கு இடம் கிடைக்காமல் போகிறது. அவர்களில் சிலர் வேறு பட்டம் முடித்து டியூக்-என்யுஎஸ் வழியாக வருகிறார்கள். தாதிமை, மருந்தியல், உயிர்மருத்துவ ஆய்வு என்று சிறந்த பணிகளுக்குப் போகிறவர்கள் இன்னும் பலர். அங்கும் இதே படிப்பு முறைகள் துணைவரும்.

யுகேட் எழுதும் காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. ஏ-லெவல் எழுத்துத் தேர்வு ஆண்டின் இறுதியில். இரண்டும் ஒரே ஆண்டில் வருவதால், இடைவெளிவிட்டுப் படிக்கும் திட்டத்தை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் நேரம் போதாது. இந்த ஆண்டு தொடக்கக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "எத்தனை மணி நேரம் படிச்சே?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, போன வாரம் படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் விளக்கை அணைத்துத் தூங்கவிடுங்கள்.